ஓடுகிற வண்டியில் நின்றவர்

பாய் விசில் கொடுக்காமல் எங்கள் வண்டி நகராது. அவர் அவ்வளவு சீக்கிரம் விசில் கொடுக்கவும் மாட்டார்.

மதுரைக்கும் சோழவந்தானுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். முதலாளியிலிருந்து கீரைக்கூடைக்காரி வரைக்கும் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். இப்போதும் எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. என்னைவிட மூத்தவர். என்னை மாப்ள என்பார். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நல்ல உயரம். வண்டிக்குள் நின்றால் தலை கூரையில் இடிக்கும் என்று கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நிற்பார். அந்தச் சாய்வு வீட்டிலும் போகவில்லை என்று அவர் சம்சாரம் சொல்லும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கிவிடுவார். ஆட்களை ஏற்றிவிட்டு, கடைசி ஆள் இரண்டு காலையும் படியில் வைத்துக் கம்பியைப் பிடிக்கும்வரை நின்று பார்ப்பார். "கால நல்லா ஊனிட்டீங்களா?" என்று கேட்பார். வயசாளிகளிடம் கேட்டால் பரவாயில்லை. மில்லுக்குப் போகிற வாலிபப் பயல்களிடமும் கேட்பார். அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் தானும் ஏறி விசிலை எடுப்பார். இதனாலேயே எங்கள் வண்டி எப்போதும் தாமதம். பின்னால் புறப்பட்ட போட்டிக் கம்பெனி வண்டி பரவை ஊர் வருவதற்குள் எங்களை முந்திக்கொண்டு போய் அடுத்த ஊர் ஆட்களை அள்ளிவிடும். முதலாளி என்னைத் திட்டுவார், நான் பாயிடம் போய்ச் சொல்வேன். விசில் கொடுத்தவன் நான், அதுக்கப்புறம் ஒருத்தன் விழுந்தா நானே தள்ளிவிட்டதுக்குச் சமம் என்பார். குரலை உயர்த்தாமல் சொல்வார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும் எங்கள் வண்டியின் பின்புறத்தில் ஒரு பெரிய இரும்பு உலையைப் பொருத்தினார்கள். அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் எஞ்சின் ஓட வேண்டும். காலையில் உலையில் தீ பிடிக்கிறவரை பக்கத்திலிருக்கும் காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிளீனர்களெல்லாம் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டதால் அந்த வேலையும் பாய் தலையில் விழுந்தது. சோழவந்தான் போய்ச் சேரும்போது எங்கள் இரண்டு பேர் முகமும் அடுப்படிச் சுவர் மாதிரி இருக்கும். அங்கே வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். அதில்தான் முகம் கழுவுவோம்.

ஒருநாள் பாய் குனிந்து தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்து, கண்ணை மூடித் தேய்த்தார். நான் துண்டை எடுக்கத் திரும்பினேன். தொப்பென்று சத்தம் கேட்டுப் பார்த்தால் தலைகுப்புற வாய்க்காலுக்குள் கிடக்கிறார். இடுப்பளவுத் தண்ணீர்தான். கையைக் கொடுத்துத் தூக்கினேன். படிக்கல்லில் பாசி என்றார். நான் கல்லைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. வண்டிக்குக் காத்திருந்த வெற்றிலைக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, ஈர உடுப்போடுதான் அன்றைக்குத் திரும்பும்போது டிக்கெட் கொடுத்தார்.

அது முதல் தடவை இல்லை என்று வெகு நாள் கழித்துத்தான் சொன்னார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் முகம் கழுவும்போதும் இப்படித்தான் தொட்டிக்குள் விழப் பார்த்தாராம். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்போதிருந்து ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுவுவாராம். கண்ணை மூடுகிற அந்த நேரத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிறது என்றார்.

தடுமாற்றத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் செருப்பைக் குற்றம் சொன்னார். புதுச் செருப்பு வாங்கினார். அது தானாகக் காலைவிட்டுக் கழன்று போகும், அவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு வண்டிக்குள் நடப்பார், பின்னால் யாராவது செருப்பை எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் வண்டியின் தளப் பலகை ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்றார். ஆசாரியை வைத்து மட்டம் பார்த்ததில் பலகை சரியாகவே இருந்தது. ஒருநாள் காலையில் எங்கள் பஸ் ஷெட்டுக்குள் நடந்து வந்தவர் நின்று, தரையைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாப்ள, இங்க மணல் கொட்டிருக்காங்களா?"

நல்ல சிமெண்டுத் தரை. இல்லை என்றேன்.

"காலுக்கடியில மெத்துமெத்துன்னு இருக்கே."

ராத்திரி தூக்கம் சரியில்லையா என்று கேட்டேன். அதுதான், அதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஒரு காரணம் கிடைத்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷம் என்றே தோன்றியது.

நடை மாறிக்கொண்டே வந்தது. காலை அகட்டி வைத்து, குதிகாலைத் தரையில் ஓங்கி அடித்து நடப்பார். எந்நேரமும் கண் பாதத்தின் மேலேயே இருக்கும். வழியில் தெரிந்தவர்கள் சலாம் சொன்னால் நின்றுகொண்டுதான் நிமிர்வார். நடந்துகொண்டே நிமிர்ந்தால் போச்சு. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டி ஓடும்போது பாய் நன்றாக இருந்தார். ஓடுகிற வண்டியில் எல்லாரும் தள்ளாடுகிறார்கள், எல்லாரும் எதையாவது பிடிக்கிறார்கள். கூரைக் கம்பி, சீட்டு முதுகு, ஜன்னல் சட்டம் என்று மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய் வருவார். குண்டும் குழியுமான சமயநல்லூர் ரோட்டில் வாலிபர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள், இவர் சாயமாட்டார். வண்டி நின்று, அவர் தரையில் இறங்கிய பிறகுதான் சிக்கல்.

பெருநாள் தொழுகை பற்றியும் ஒரு தடவை சொன்னார். திடலில் வரிசையாக நிற்கும்போது ஆளுக்கு ஆள் தோள் உரச நிற்க வேண்டுமாம். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள். "அன்னைக்கு மட்டும் நான் கல்லுத்தூண் மாதிரி நின்னேன் மாப்ள" என்றார். வீட்டில் தனியாகத் தொழும்போது சுவரோரமாய் நிற்பாராம்.

சோழவந்தானிலிருந்து திரும்பும்போது வண்டியின் கூரையில் வெற்றிலைக் கூடைகளை ஏற்றுவோம். பின்பக்க ஏணியில் ஏறிக் கூடைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவது கண்டக்டர் வேலை. ஒருநாள் ஏணியின் நடுவில் பாய் நின்றுவிட்டார். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஏணியடிக்குப் போய்ப் பார்த்தேன். இடது கால் படியில் இல்லை, படிக்கு வெளியே காற்றில் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நான் காலைப் பிடித்துப் படியில் வைத்தேன். அவர் கீழே பார்த்து, அங்கேயா இருந்துச்சு என்றார். மறுநாளிலிருந்து நான் ஏறுவேன், அவர் கீழே நின்று கூடைகளை எடுத்துக் கொடுப்பார். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. நான் பாட்டுக்கு ஏறினேன், அவர் கூடையை நீட்டினார். வண்டியை நிறுத்தும்போதும் படிக்கட்டுக்கு நேரே ஒரு மரமோ சுவரோ இருக்கும்படி பார்த்து நிறுத்துவேன். சந்தைக்குப் போகிற பெண்கள் சிலருக்கும் விஷயம் பிடிபட்டிருந்தது. அவர் ஏறும்போது யாராவது ஒருத்தி தற்செயல்போல படியோரத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். அவர் அந்தத் தோளைப் பிடித்து ஏறிவிட்டு அவளிடமே கேட்பார், காலை ஊனிட்டியா தாயி என்று.

எல்லாரும் அப்படி இல்லை. தினமும் எங்கள் வண்டியில் வருகிற ஒரு வெற்றிலை வியாபாரி, பெரிய புள்ளி, முதலாளியிடம் போய் உங்கள் கண்டக்டர் காலையிலேயே போட்டுவிட்டு வருகிறார் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பரவைப் பக்கம் ரோட்டோரத்திலேயே கள்ளுக்கடை உண்டு. வண்டி அங்கே நிற்கும். ஒருவர் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

முதலாளி ஷெட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பாயைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். வெற்றிலை வாசனைதான் வந்தது. அப்புறம் தூரத்திலிருந்த ஒரு எண்ணெய்ப் பீப்பாயைக் காட்டி, அங்கே போய்த் திரும்பி வா என்றார். மெக்கானிக்குகள், மற்ற டிரைவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய் காலைப் பார்த்துக்கொண்டு குதிகால் அடித்து நடந்தார். பீப்பாய்க்குப் போய், அதைத் தொட்டு, திரும்பினார்.

"தலைய நிமித்தி நட" என்றார் முதலாளி.

பாய் தலையை நிமிர்த்தினார். முதல் எட்டு சரியாக வந்தது. அடுத்த எட்டில் கால் எங்கேயோ போனது. பக்கவாட்டில் சாய்ந்து, கரி மூட்டைகளின் மேல் விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரே எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டார். முதலாளி, சரியானதும் வேலைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் நான் வண்டியெடுக்கப் போனபோது பாய் உலைக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளி வந்து பார்த்தார். வேறு ஆள் கிடைக்காத காலம் அது. அப்படியே திரும்பிப் போனார்.

ஆனால் பேச்சு ஷெட்டோடு நிற்கவில்லை. ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையத்துக்குள் போய்விட்டது. பாய்க்கு ஒரே மகள். தெற்குவாசல் பக்கம் ஒரு நல்ல குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அத்தா குடிகாரர் என்று காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜமாத்தில் பாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வண்டியை விட்டுப் போகிறவர், கொஞ்ச நாளைக்குப் போகாமல் இருந்தார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் வைத்தியம் பார்க்கச் சம்மதித்தார். முதலில் ஒரு ஹக்கீம், உடம்பில் சூடு என்று சர்பத் கொடுத்தார். பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து எண்ணெய் வைத்தியர் வாதம் என்று சொல்லி, கால் வழுக்க வழுக்க எண்ணெய் தேய்த்துவிட்டார். அந்த எண்ணெயில் வழுக்கியே ஒருநாள் விழுந்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போனேன். அவர் சம்சாரமும் வந்தது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த நாளில் எனக்கு எதிரே வந்து பேசாது. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசும். ஆஸ்பத்திரியில் வராந்தாவிலேயே முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் நடு வயதுக்காரர், பொறுமைசாலி. முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதுமே பாய் சரிந்தார். நானும் டாக்டரும் பிடித்தோம். குடிப்பது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பாய். எப்போதாவது? எப்போதும் இல்லை. டாக்டர் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மாப்ள இருக்கட்டும் என்றார் பாய். டாக்டர் குரலைத் தாழ்த்தி, இளவயசில் வெளிப் பெண்களோடு பழக்கம் இருந்ததா, அதனால் வருகிற நோய் ஒன்று இப்படிக் காலை வாங்கும் என்றார்.

பாய் வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார்.

"என் வீட்டம்மா வெளிய உக்காந்திருக்கா. அவளக் கூப்பிட்டு வச்சுக்கிட்டுக் கேளுங்க. அவ முன்னால பதில் சொல்றேன்."

டாக்டர் கூப்பிடவில்லை. ரத்தம் எடுத்தார். இன்னொரு நாள் வரச் சொன்னார். போனோம். ரத்தத்தில் அந்த நோய் இல்லை என்றார். சந்தோஷமான விஷயத்தைச் சொல்கிறவர் மாதிரி இல்லை அவர் முகம். அந்த நோயாக இருந்திருந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கும்போல. நரம்பு பலவீனம், டானிக் எழுதித் தருகிறேன் என்றார். பாய் டானிக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, இது வியாதிதான் என்று ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச வியாதின்னா எழுதித் தரலாம். தெரியாதத என்னன்னு எழுத?"

ஏமாற்றிப் பேசாத மனிதர் என்று எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. ஆனால் படியிறங்கும்போது பாய் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. அக்கா பின்னால் வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டது. டானிக் குடிக்கச் சொன்னார் என்றார் பாய்.

அந்த டானிக்கையும் குடித்துக்கொண்டு ஒரு மழைக்காலம் ஓட்டினார். கை விரல்களும் மரத்துவர ஆரம்பித்தன. பைக்குள் கைவிட்டால் எது நாணயம், எது சாவி என்று தெரியாது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். சட்டைப் பொத்தானை அக்கா போட்டு அனுப்பும். மகளுக்கு வேறு இடம் அமைந்தது. திருமங்கலத்தில் ஒரு தையற்காரர். மாப்பிள்ளை முதல் தாரத்தை இழந்தவர். பாய் மறுக்கவில்லை. கல்யாணத்தன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் வரவேற்றார். எழுந்து நின்று வரவேற்கவில்லையே என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள்.

வேலையை அவராகத்தான் விட்டார். சமயநல்லூரில் ஒரு சாயங்காலம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது. நல்ல கூட்டம். எல்லாரையும் ஏற்றிவிட்டு, வழக்கம்போலக் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி விசில் கொடுத்தார். நான் எடுத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள். பிரேக்கை மிதித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். பாய் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ரோட்டில் இழுபட்டு வந்திருக்கிறார். இரண்டு காலும் முட்டி வரை ரத்தம். பிடித்திருந்த கை தோளிலிருந்து கழன்று தொங்கியது. வலியில் முனகக்கூட இல்லை. பயணிகளில் யாருக்காவது அடியா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன்.

"கால் படியில இருக்குன்னு நெனச்சேன் மாப்ள. எல்லார் காலயும் பாத்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. புரியாத ஒரு கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறவர்போல ரோட்டையும் படியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கட்டு அவிழ்ந்ததும் ஷெட்டுக்கு வந்து பையையும் விசிலையும் மேஜை மேல் வைத்தார். முதலாளி இருக்கச் சொன்னார். ஷெட்டிலேயே உட்கார்ந்து வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே என்றார். ராத்திரியில் எனக்குக் கால் தெரியாது முதலாளி, திருடன் வந்தால் அவன்தான் என்னைத் தூக்கிவிட வேண்டும் என்றார் பாய். முதலாளி சிரித்துவிட்டார். பாய் போன பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, பீப்பாய் வரைக்கும் நடக்கச் சொன்ன அன்றைக்கும் அவன் குடிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மேஜை மேலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆள் அனுப்பி, கோரிப்பாளையம் நிறுத்தத்தில் நின்று எங்கள் வண்டிகளுக்கு ஆள் ஏற்றிவிடும் வேலையைப் பாய்க்குக் கொடுத்தார்.

வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் சுவர் சுவராகப் பிடித்து வந்து சேர நெடுநேரம் ஆகும். அங்கே ஒரு பூவரச மரம். அதில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, சோழவந்தான், சமயநல்லூர் என்று குரல் கொடுப்பார். அந்தச் சந்தடியில் குதிரை வண்டிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும். பாயின் இடத்துக்கு வந்த புதுக் கண்டக்டர் வேகமான ஆள். ஆனால் கோரிப்பாளையத்தில் மட்டும் அவன் ஜம்பம் பலிக்காது. மரத்தடியிலிருந்து தலையசைப்பு வரும்வரை விசிலை வாயில் வைத்தபடி காத்திருப்பான். மரத்தை ஏன் பாய் இப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், சாயப் பார்க்கிறது, முட்டுக் கொடுக்கிறேன் என்பார்.

பிறகு மதுவிலக்கு வந்தது. பரவைக் கள்ளுக்கடையும் மூடியாயிற்று. ஒருநாள் நான் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது பாய் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கடையெல்லாம் மூடிட்டாங்க. எனக்கு மட்டும் இன்னும் தெளியல பாத்தியா மாப்ள" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயசாளி சிரிக்கவில்லை. தன் பேரனை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அந்த வருஷக் கடைசியில் பாய் மரத்தடிக்கு வருவது நின்றது. கால்களை ஊன்றவே முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தார். வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். புத்தி தெளிவாக இருந்தது, பேச்சு மட்டும் இழுத்தது. வண்டியைப் பற்றியே கேட்பார். பெட்ரோல் மறுபடி கிடைக்க ஆரம்பித்து உலையைக் கழற்றிவிட்டோம் என்றதும், முகத்தில் கரி இல்லாமல் உன்னை எனக்கு அடையாளமே தெரியவில்லை என்றார். படுத்த இடத்தில் தன் கால் எங்கே இருக்கிறது என்று அக்காவைக் கேட்பார். அக்கா போர்வையை விலக்கிக் காட்டும். பார்த்துவிட்டு, சரி என்பார். ஒரு நோன்பு மாதத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. பெருநாளுக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார். முதலாளி வந்திருந்தார். அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் நடந்து வந்தார். ஜமாத்துப் பெரியவர்களும் முன்வரிசையில் வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பசுமலைப் பக்கமிருந்து வந்த ஒரு இளம் டாக்டர் என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து சோழவந்தான் வந்தார். பேச்சு வாக்கில் பாயின் கதையை முழுக்கச் சொன்னேன். கண்ணை மூடினால் விழுவது, காலுக்கடியில் மணல், மரத்துப்போன விரல்கள் எல்லாம். கவனமாகக் கேட்டார். முதுகுத்தண்டுக்குள் போகிற நரம்பில் கோளாறு இருக்கலாம், அதிலும் நாலைந்து வகை உண்டு, ரத்தத்தில் சத்துக் குறைந்தாலும் வரும், ஆளைப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது என்றார். குடியால் இல்லைதானே என்று கேட்டேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இல்லை என்றார். அன்றைக்கு மிச்ச வழியெல்லாம் எனக்கு வண்டி ஓட்டியதே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. எதிரே கோரைப்பாயில் உட்கார்ந்து பேசும். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எதுன்னு தெரிஞ்சிருந்தா மருந்து இருந்திருக்குமா தம்பி?"

அதையும் கேட்டிருந்தேன். பெரும்பாலானதற்கு இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னேன்.

"மருந்து இல்லாட்டிப் போகுது. அதுக்கு ஒரு பேரு மட்டும் தெரிஞ்சிருந்தாப் போதும். ஜமாத்துல கூப்பிட்டுக் கேட்டாகளே, அன்னைக்குச் சொல்றதுக்கு அவருகிட்ட ஒரு வார்த்த இருந்திருக்கும்."

அன்றைக்கு அவர் என்னதான் சொன்னார் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

ஒன்றும் சொல்லவில்லையாம். அக்காவின் தம்பி அங்கே இருந்து பார்த்திருக்கிறார். பெரியவர்கள் கேட்கிறவரைக்கும் கேட்டிருக்கிறார்கள். பாய் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, எல்லாரும் பார்க்க, சுவரைப் பிடிக்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்திருக்கிறார். பாதி தூரம் வரைக்கும் விழாமல் போய்விட்டாராம்.